பசி இட்ட கையொப்பம்

1923ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனிலே, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முன்னே விந்தையானதொரு வழக்கு! வழக்குத் தொடுத்தோரில் ஒருத்தி 21 வயது மங்கை. ஓட்டல் ஒன்றிலே மின்தூக்கி இயக்கி வந்தவள். மாதம் 35 டாலர் பணம், நாளொன்றுக்கு இரு வேளை உணவு – இவ்வளவே அவள் உழைப்புக்கு விலை. ஒரு பெண் உடல்நலத்தோடு உயிர் வாழ மாதம் 71 டாலர் 50 சென்டேனும் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குக் குறைந்து கூலி தரலாகாது என ஆணையிட்டது அந்நகரத்துக் கூலி வாரியம். ஆணையைக் கண்ட ஓட்டல், அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவளோ ஓட்டலின் மீது வழக்குத் தொடுக்கவில்லை. வாரியத்தின் மீது தொடுத்தாள்! குறைந்த கூலிக்கு உழைக்கும் உரிமையைச் சட்டம் பறிக்கலாமா என்பதே அவள் பெயரால் கேட்கப்பட்ட கேள்வி.

பறிக்கலாகாது என்றனர் நீதிபதிகள். ஐவர் ஒரு பக்கம். மூவர் மறு பக்கம். கூலிச் சட்டம் மாண்டது. பாதிக் கூலிக்குப் பாடுபடும் ‘உரிமை’ பிழைத்தது!

சிரிப்பதா, சினப்பதா? இரண்டையும் சற்றே ஒத்திவைத்துச் சிந்திப்போம், தோழர்களே! அவ்வழக்கிலே சட்டத்தின் பக்கம் நின்று வாதாடித் தோற்றவர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் என்னும் வழக்குரைஞர். அவர் ஏந்திய கருவி, பதினைந்து ஆண்டுகட்கு முன்னர் அவருடைய வழிகாட்டியான லூயி பிராண்டீஸ் வடித்த கருவி. அதையே இங்கு நாம் திறனாயப் புகுகிறோம். அது காவியமன்று, புதினமன்று, 1908இல் நீதிமன்றத்திலே அளிக்கப்பட்ட ஒரு வாதவுரை. இலக்கிய ஏட்டிலே வாதவுரைக்கு என்ன வேலை என்று கேட்போர் கேட்கட்டும். மன்னன் மகிழப் பாடியதெல்லாம் இலக்கியம் எனக் கொள்ளும் நாட்டிலே, சலவைக் கூடத்துப் பெண் இளைப்பாற எழுதிய ஏடு மட்டும் திறனாய்வுக்குத் தகாததா?

கேடயம் வாளான கதை

ஏட்டை விரிக்குமுன் அது பிறந்த களத்தைக் காண்போம். அடிமை விலங்கு ஒடிந்தபின், 1868இலே அமெரிக்க அரசமைப்பில் 14ஆம் திருத்தம் சேர்க்கப்பட்டது. உரிய சட்ட நெறியின்றி எவருடைய உயிரையும் உரிமையையும் உடைமையையும் மாநில அரசு பறிக்கலாகாது என்றது அது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் கேடயமாக வார்க்கப்பட்ட திருத்தம்! அதை முதலாளிகளின் வழக்குரைஞர்கள் உருக்கி வாளாக்கினர். உரிமை என்ற சொல்லுக்குள்ளே ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ என்றொரு பொருள் ஒளிந்திருப்பதாகக் கண்டெடுத்தனர். எத்தனை மணி நேரம் உழைப்பது, எவ்வளவு கூலிக்கு உழைப்பது என்பதெல்லாம் முதலாளியும் தொழிலாளியும் ‘மனமொத்து’ முடித்துக்கொள்ளும் பேரம். இடையிலே நுழைய அரசுக்கு உரிமையில்லை என்றனர். 1905இலே, ரொட்டிக் கிடங்குத் தொழிலாளரை வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வாட்டலாகாது என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே, இந்தக் கோட்பாடு வெட்டி வீழ்த்தியது.

அதே 1905இல், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரிலே, சலவைக் கூட முதலாளி முல்லர் மீது வழக்கு. ஆலையிலும் சலவைக் கூடத்திலும் பெண்களை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது அம்மாநிலச் சட்டம். அதை மீறியமைக்காக அவருக்கு விதித்த தண்டம் பத்தே டாலர். பத்து டாலருக்காகவா அவர் உச்ச நீதிமன்றம்வரை படியேறினார்? ஓய்வு தந்தால் உற்பத்தி குறையும். இன்று நேரத்துக்கு எல்லை கட்டிய சட்டம் நாளை கூலிக்கும் எல்லை கட்டும் – இந்த அச்சமன்றோ முதலாளி வர்க்கத்தை ஒன்றாக நிறுத்தியது!

மறுபுறம் நின்றவர் புளோரன்ஸ் கெல்லி. எங்கெல்சின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த பெண்மணி. 1893இல் இல்லினாய்ஸ் மாநிலத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளராக அமர்ந்து, சிகாகோ நகரத்துக் குடியிருப்பு அறைகளிலே குழந்தைகளும் நோயாளிகளும் துணி தைத்துத் தேய்ந்த கொடுமையைப் படியேறிக் கண்டவர். குற்றவாளிகள் மீது வழக்கு நடத்த அரசு வழக்குரைஞர் முன்வராதது கண்டு, தாமே சட்டம் பயின்று தேறியவர். ஒரிகன் சட்டத்தைக் காக்க, அவரும் அவர் தோழி ஜோசபின் கோல்டுமார்க்கும் வழக்குரைஞரைத் தேடினர். புகழ்பெற்ற ஒரு பெரிய வழக்குரைஞரை முதலில் அணுகினர். திடமான உடற்கட்டுடைய பெண் பத்து மணிக்கு மேல் உழைத்தால் என்ன கேடு என்று வினவி, அவர் கைவிரித்துவிட்டாராம். கோல்டுமார்க்கே பின்னாளில் எழுதிவைத்த செய்தி இது. பின்னரே பாஸ்டன் நகரத்துப் பிராண்டீசிடம் சென்றனர். அவர் ஒப்பினார். உண்மைகளை நீங்கள் கொணர்க என்றார்.

இரண்டு பக்கச் சட்டம்

வாதவுரை 113 பக்கம். அதிலே சட்டம் பேசுவது ஏறத்தாழ இரண்டே பக்கம்! எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களிலே பேசுவோர் யார்? தொழிற்சாலை ஆய்வாளர், மருத்துவர், விசாரணைக் குழுவினர், புள்ளிவிவரத் துறையினர் – இங்கிலாந்திலும் செர்மனியிலும் பிரான்சிலும் அமெரிக்க மாநிலங்களிலும் பல்லாண்டுகளாக அச்சேறி, எவரும் புரட்டாமல் புழுதி படிந்து கிடந்த அறிக்கைகள். நூலகங்களிலே புகுந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் அவற்றைத் திரட்டியவர்கள் கோல்டுமார்க்கும் அவருக்குத் துணை நின்ற மகளிரும். ‘பிராண்டீஸ் வாதவுரை’ என்று உலகம் பெயர் சூட்டிற்று. உழுதவள் ஒருத்தி, களஞ்சியத்தின் மேல் எழுதிய பெயர் வேறொன்று! பெண்ணின் உழைப்பைக் காக்க எழுந்த ஏட்டிலேயே பெண்ணின் உழைப்பு பின்னட்டைக்குப் போனதை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இந்த ஏட்டின் சிறப்பு என்ன? அதற்கு முன் வழக்குரைஞர் என்பார், பழைய தீர்ப்பொன்றை எடுத்து அதற்கும் பழைய தீர்ப்பொன்றைத் துணைக்கு அழைப்பார். முன்னோர் சொன்னார் என்பதே சான்று. நம் நாட்டிலே சாத்திரம் பேசும் பண்டிதரின் வழக்கும் அதுவே அன்றோ! பிராண்டீஸ் அந்த வாயிலை அடைத்துவிட்டு, நீதிமன்றத்தின் சாளரத்தைத் தெருப்பக்கம் திறந்தார். நீராவியும் ஈரமும் நிறைந்த கூடத்திலே நாள் முழுதும் நின்றால் கால் என்னாகும், முதுகு என்னாகும், களைப்பு மிகுந்த கடைசி மணி நேரத்திலே இயந்திரம் எத்தனை விரல்களை விழுங்கும் – கேள்வி இவ்வாறு மாறியது. அலங்காரம் இல்லை, அடைமொழி இல்லை, கண்ணீர் வரவழைக்கும் சொல்லே இல்லை. சான்றின்மேல் சான்றாக அடுக்கி, சட்டம் இயற்றியவர் அறிவிழந்து இயற்றவில்லை என்று காட்டுவதே நோக்கம். அடுக்குமொழியிலே மயங்குவோர்க்கு நாம் சொல்லுவோம்: இந்த ஏட்டைப் படித்துப் பாருங்கள். எழுத்தாளன் ஒதுங்கி நின்று உண்மையைப் பேசவிடும்போது உரைநடைக்கு எத்துணை வலிவு வருகிறது என்பது விளங்கும்.

பயனும் விளைந்தது. 1908 பிப்ரவரி 24ஆம் நாள், நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஒரிகன் சட்டத்தை நிலைநிறுத்தினர். தீர்ப்பின் நடுவிலேயே பிராண்டீசின் பெயரும் அவர் திரட்டிய செய்திகளும் குறிக்கப்பட்டன. மூன்றாண்டுக்கு முன் ரொட்டித் தொழிலாளியைக் கைவிட்ட மன்றம், சலவைத் தொழிலாளியை ஏற்றது.

ஏட்டிலே படிந்த மாசு

வெற்றியைப் பாடுவதோடு நின்றால் அது வாழ்த்துப்பா, திறனாய்வு ஆகாது. பகுத்தறிவு இயக்கத்தார் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம், நண்பன் எழுதிய ஏட்டையும் நாணயத்தைப்போலத் தட்டிப் பார்த்தாக வேண்டும்.

தட்டினால் இரண்டு இடங்களிலே ஓசை மாறுகிறது.

முதலாவது, சான்று என்று அடுக்கியவற்றிலே பல, சான்றல்ல, கருத்து. ஓர் ஆய்வாளர் கருதுகிறார், ஒரு மருத்துவர் நம்புகிறார் என்பனவே மிகுதி. பெண்ணின் குருதியிலும் தசையிலும் ஆணைவிட நீர் மிகுதி, ஆதலின் அவள் மெலியவள் என்ற கூற்றும் அறிவியல் உண்மைபோல அதிலே இடம் பெற்றிருக்கிறது! பட்டம் பெற்றவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அது மெய்யாகிவிடுமா? முனிவர் சொன்னார் என்பதும் மருத்துவர் சொன்னார் என்பதும், ஆராயாமல் ஏற்குமிடத்திலே ஒன்றுதான். சாத்திர மேற்கோளை வாயிற்படியில் தடுத்தவர், அங்கி மாற்றி வந்த அதே மேற்கோளை உள்ளே விட்டுவிட்டார்.

இரண்டாவது குற்றம் இதனினும் பெரிது. ரொட்டித் தொழிலாளி வழக்கிலே ஆணுக்குக் கதவு அடைபட்டிருந்தது. ஆகவே பெண்ணுக்கு மட்டும் ஒரு சிறு கதவு திறக்க முயன்றனர். அதற்கு அவர்கள் தேடிய சாவி – பெண் இயல்பிலேயே மெலியவள், தாயாக வேண்டியவள், இனத்தின் நலன் அவள் வயிற்றிலே இருக்கிறது என்பது. நீதிமன்றமும் மகிழ்ந்து ஏற்றது. பெண் என்றும் ஆணைச் சார்ந்தே வாழ்பவள் என்று தன் பங்குக்கும் எழுதிவைத்தது. எத்தனை மணி நேரம் என்பதிலே பெண் வென்றாள். தான் யார் என்பதிலே தோற்றாள்!

பெண்ணடிமைத்தனத்தின் வேரைத் தோண்டிக் காட்டிய பெரியாரைப் பயின்றவர்க்கு, இதன் கேடு உடனே விளங்கும். காப்பு என்று கையிலே பூட்டியது காலப்போக்கில் விலங்காகும். ஆயிற்று. 1924இலே, பெருநகர உணவு விடுதிகளில் இரவு வேளையில் பெண்கள் பணிபுரியலாகாது என்ற நியூயார்க் சட்டம் நிலைநிறுத்தப்பட்டது. இரவுப் பணியிலே கிடைத்த கூலி ஆடவர்க்கே ஆயிற்று. 1948இலே, மதுக்கடை உரிமையாளனின் மனைவியோ மகளோ அல்லாத பெண் எவளும் அங்கே மது ஊற்றித் தரும் பணிக்கு வரலாகாது என்ற மிச்சிகன் மாநிலச் சட்டமும் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமோ? நீதிபதியாக உயர்ந்திருந்த அதே பிராங்க்பர்ட்டர்!

வேறு வழியே இல்லையா என்பர். இருந்தது. 1917இலே, ஒரிகன் ஆலைகளில் ஆண், பெண் இருபாலார்க்கும் பத்து மணி நேர எல்லை வகுத்த சட்டத்துக்காக, கோல்டுமார்க்கும் பிராங்க்பர்ட்டரும் ஏறத்தாழ ஆயிரம் பக்க வாதவுரை அளித்தனர். களைப்பு மனித உடலுக்குப் பொது என்பதே அதன் அடிப்படை. அச்சட்டமும் நிலைத்தது. மெலிவைப் பேசாமல் உழைப்பைப் பேசினாலும் வெல்லலாம் என்பதற்கு அவர்கள் கைப்படவே சான்று இருக்கிறது.

ரொட்டியும் உழைப்பும்

நேரத்திலே வென்ற கருவி, கூலியிலே ஏன் முறிந்தது? 1923க்கே திரும்புவோம். அம்முறையும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் உண்மைகள் திரட்டித் தரப்பட்டன. தீர்ப்பெழுதிய நீதிபதி சதர்லேண்ட், அவை படிக்கச் சுவையானவை என்ற அளவிலே ஒதுக்கிவிட்டார். பிராண்டீசோ அப்போது அதே மன்றத்திலே நீதிபதி. ஆயினும் அவர் மகள் அந்தக் கூலி வாரியத்திலே பணியாற்றியமையால், வழக்கில் அமராமல் விலகிக்கொண்டார்.

சதர்லேண்டின் வாதம் இரண்டு. ஒன்று: 1920இலே பெண்ணுக்கு வாக்குரிமை வந்துவிட்டது, இனி அவளுக்கெனத் தனிக் காப்பு எதற்கு? பெண்ணை மெலியவள் என்று 1908இலே கட்டிய சுவர், பெண் சமமானவள் என்ற ஒரே தட்டலிலே சரிந்தது! சமத்துவம் என்ற சொல்லை எடுத்து அவள் கூலியைப் பாதியாக்கினர். அழகிய சொல்லைக் கண்டவுடன் கைதட்டலாகாது. அது எவன் கையிலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் பட்டறிந்த பாடமன்றோ இது! சமத்துவம் கெடுகிறது என்று சொல்லியே 1950இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும், 1951இல் உச்ச நீதிமன்றத்திலும் வகுப்புரிமை ஆணையை வீழ்த்தினர். தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1951இலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

மற்றொன்று: கடைக்காரனிடம் ரொட்டி வாங்குவோன் கொடுத்த காசின் அளவுக்கே ரொட்டி பெறுவான், அவன் பசி பெரிது என்பதற்காகக் கடைக்காரன் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. உழைப்பும் அத்தகைய சரக்கே என்றார். இங்கேதான் நாம் நின்று விடை கூற வேண்டும். விலைபோகாத ரொட்டி தட்டிலே காத்திருக்கும். அதற்கு வயிறு இல்லை. விலைபோகாத உழைப்பு அன்றைய மாலையோடு அழிந்துபோகிறது. அதை விற்க வந்தவளுக்கோ வயிறு இருக்கிறது. முதலாளி காத்திருக்க முடியும். அவள் காத்திருக்க முடியாது. இருவரும் ஒரே தாளிலே கையொப்பமிடுகின்றனர். ஒரு கையொப்பம் இலாபம் இட்டது. மற்றொன்று பசி இட்டது. இதற்கா சுதந்திரம் என்று பெயர்?

பதினான்கு ஆண்டு கழித்து, 1937 மார்ச் 29ஆம் நாள், இந்த உண்மையை நீதிமன்றமே ஒப்பியது. வெனாச்சி என்னும் ஊரிலே ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்த எல்சி பாரிஷ் என்ற பெண், வாஷிங்டன் மாநிலச் சட்டம் வகுத்த கூலியைவிடக் குறைத்துத் தந்த பாக்கி 216 டாலர் 19 சென்டைக் கேட்டு வழக்குத் தொடுத்தாள். ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே அவள் வென்றாள். ஒப்பந்தச் சுதந்திரம் என்ற சொல் அரசமைப்பிலே இல்லை என்றார் தலைமை நீதிபதி ஹியூஸ். வயிற்றுக்குப் போதாத கூலி தருவோன் வைத்த குறையை ஊரார் வரிப்பணம் நிரப்புகிறது. மனச்சான்றற்ற முதலாளிக்கு ஊரே மானியம் தருவதாகும் அது என்ற பொருளும் அத்தீர்ப்பிலே உண்டு.

1938இலே நாடு முழுமைக்கும் கூலிச் சட்டம் வந்தது. ஆண், பெண் வேறுபாடின்றி மணிக்கு 25 சென்ட். நன்று! ஆனால் எவர் விடுபட்டனர் என்று பாருங்கள்: வயலில் உழைப்போர், வீட்டில் பணி செய்வோர். தென் மாநிலக் கறுப்பின மக்களிலே பெரும்பாலோர் வயிறு கழுவிய தொழில்கள் அவ்விரண்டும்! தென் மாநிலப் பிரபுக்களின் வாக்குப் பெற இவர்கள் விலையாயினர். பெரும்பண்ணைகளின் உழவுத் தொழிலாளரைச் சட்டம் தொட 1966 ஆயிற்று. வீட்டுப் பணியாளரைத் தொட 1974 ஆயிற்று. ஆயிரம் பக்க வாதவுரைகளிலே இவர்கட்குப் பக்கம் ஒதுக்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. எவரைப் பற்றி அறிக்கை இல்லையோ, அவரைச் சட்டத்தின் கண் காண்பதில்லை.

கரை கடந்து வந்த பாடம்

தோற்ற வழக்குரைஞரின் தழும்பு நம் நாட்டையும் தொட்டது. 1947இலே, இந்திய அரசமைப்பு அவையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றார். நீதிபதி பிராங்க்பர்ட்டரைக் கண்டார். ‘உரிய சட்ட நெறி’ என்ற தொடரை அரசமைப்பிலே வைக்காதீர். மக்கள் மன்றம் இயற்றிய சட்டத்தை நீதிபதிகள் வீழ்த்த அது வழியாகும் என்ற கருத்தை ராவ் அங்கே பெற்றார். 1923இல் அந்தத் தொடரால் அடிபட்டவரின் அறிவுரை வேறு எப்படி இருக்கும்? ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற தொடரே நம் 21ஆம் பிரிவிலே இடம் பெற்றது.

தொழிலாளர் சட்டத்தைக் காக்க நட்ட வேலி அது. ஆனால் 1950இலே, சென்னை மாநிலச் சிறையிலே விசாரணையின்றி அடைபட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் விடுதலை கேட்டபோது, அதே வேலியே அவரை மறித்தது. நடைமுறை இருக்கிறது, அது நேரியதா என்று கேட்பதற்கில்லை என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். 1978வரை அந்த நிலை நீடித்தது. உழைப்போர்க்கு நன்மை நாடி எழுதிய சொல்லே, உழைப்போர்க்காகப் போராடியவனுக்குத் தடையாயிற்று. சொல்லிலே காவல் இல்லை, தோழர்களே! சொல்லைக் காவல் காக்கும் மக்களிடத்திலேதான் காவல் இருக்கிறது.

எனினும் பிராண்டீஸ் காட்டிய வழி பட்டுப்போகவில்லை. 1982. தில்லியிலே ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மாட மண்டபங்கள் எழுந்துகொண்டிருந்தன. கட்டியோரின் நிலையை ஆராய மூன்று சமூக அறிவியலாளரை அனுப்பியது மக்கள் உரிமைச் சங்கம் ஒன்று. அவர்களின் அறிக்கையை அடிப்படையாக்கி நீதிபதி பகவதிக்கு மடல் விடுத்தது. நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஒரு ரூபாயை மேஸ்திரி தரகாகப் பிடித்துக்கொள்ள, தொழிலாளி கையிலே 8 ரூபாய் 25 காசு. பெண்ணுக்கோ 7 ரூபாயே என்பது முறையீடு. மடலே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்த அளவுக் கூலிக்கும் குறைத்துத் தந்து வாங்கும் வேலை, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுத்த கட்டாய வேலையே என்று தீர்ப்பாயிற்று. சாட்டை மட்டுமே கட்டாயமன்று. பசியும் வறுமையும் கட்டாயமே என்றது நீதிமன்றம்.

வாஷிங்டன் மங்கையின் வழக்குக்கு உண்மையான மறுமொழி இதுவே. 1908இல் தேடிய சாவி பெண்ணின் மெலிவு; 1982இல் கிடைத்த சாவி பசியின் வலிவு. முன்னது ஒரு பாலாரைத் தாழ்த்திக் காத்தது. பின்னது எவரையும் தாழ்த்தவில்லை. பிராண்டீசின் வாதவுரையைப் போற்றுகிறோம், அது உண்மையைத் தேடித் தெருவுக்கு வந்தமைக்காக. குறை கூறுகிறோம், தேடி வந்த உண்மையோடு பழைய பொய்யொன்றையும் பையிலே போட்டுக்கொண்டமைக்காக.

படிப்பகங்களிலே கூடும் இளைஞர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. மேடையிலே கூலியைப் பற்றி முழங்குமுன், நம் ஊர்ச் செங்கற்சூளையிலும் துணிக்கடையிலும் வயலிலும் வீட்டுச் சமையற்கட்டிலும் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எவர் பெயரால் பிடிக்கப்படுகிறது என்று கேட்டறிந்து ஒரு குறிப்பேட்டிலே எழுதுவோம். இரண்டு பக்கச் சட்டத்தை எழுத வழக்குரைஞர் வருவார். நூறு பக்க உண்மையை எழுத வேண்டியவர்கள் நாம்.